லேசிக்ஸா, டைட்டரா, டைட்டர் பிளஸ்ஸா? நீர் மாத்திரையில் ஒப்பிட வேண்டியது எதை?

"அக்கா, அப்பாவுக்கு முன்னாடி லேசிக்ஸ் கொடுத்தாங்க. இப்ப புது டாக்டர் டைட்டர்னு மாத்திட்டாரு. ரெண்டுல எதுக்கா நல்லது?"

பெரம்பூரில் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் கடையில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்கிறவர் கையில் புதுச் சீட்டும் பழைய மாத்திரையின் அட்டையும் இருக்கும். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல், இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வரும் என்கிற நிலையில் ஒருவர் வீட்டில் இருப்பார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசிக்ஸுக்கும் டைட்டருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் குடும்பங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதில்லை. டைட்டருக்கும் டைட்டர் பிளஸ்ஸுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பெரிது. ஆனால் அதைப் பற்றிக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. 'பிளஸ்' என்றால் கொஞ்சம் பவர் அதிகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மாத்திரைக்குள் இருப்பது வேறு குணமுள்ள இன்னொரு மருந்து. அதன் ஆபத்தும் வேறு திசையில் இருக்கிறது.

இவை எல்லாமே உடம்பில் தேங்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரைகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. எதை, எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்வது மருத்துவர். அந்த முடிவின் காரணம் புரிந்தால் வீட்டில் இருப்பவர்கள் சரியான கேள்வியைக் கேட்கலாம், ஆபத்தை முன்னாலேயே கவனிக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எந்த வீக்கம்?

மாத்திரைகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதற்குப் பதில் தெரிய வேண்டும். இதயம் பலவீனமானால் கால் வீங்கும். கல்லீரல் சுருங்கினால் வயிற்றில் நீர் கோக்கும், காலும் வீங்கும். சிறுநீரகம் புரதத்தைக் கசியவிட்டால் காலையில் முகமும் கண்ணிமையும் உப்பியிருக்கும். இந்த மூன்றிலும் உடம்பில் உப்பும் நீரும் உண்மையாகவே தேங்குகின்றன. நீர் மாத்திரைக்கு இங்கே வேலை இருக்கிறது.

கால் நரம்பு சுருண்டு வரும் வெரிகோஸ் வீக்கம், தைராய்டு குறைவு, யானைக்கால் ஆகியவை வேறு வகை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதை வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு நீர் மாத்திரை கேட்டுக் கடைக்கு வரக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான் அதிகம் பார்ப்பது இன்னொரு வகை வீக்கம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு இரண்டு கணுக்காலும் வீங்கும். 5 மில்லிகிராமை 10 ஆக ஏற்றிய பிறகு இது கூடும். அந்த மருந்து தமனிகளின் நுனிக் கிளைகளை விரிக்கிறது. ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் சிரைகளை அதே அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் சதைக்குள் கசிகிறது. உடம்பில் மொத்த நீர் கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இதற்கு நீர் மாத்திரை பெரிதாக உதவாது. அளவைக் குறைப்பது, டெல்மிசார்டன் போன்ற வேறொரு ரத்த அழுத்த மருந்தைச் சேர்ப்பது, வீக்கம் குறைவாக வரும் சில்னிடிபினுக்கு மாற்றுவது என்று மருத்துவருக்கு வேறு வழிகள் உண்டு. நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினும், சர்க்கரைக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோனும் கால்களை வீங்க வைக்கும்.

இந்த இடத்தில் ஒரு சங்கிலி தொடங்குவதைக் கடையிலேயே பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் அம்லோடிபின் சாப்பிட்டார், கால் வீங்கியது. பழைய அம்லோடிபினைப் பற்றிச் சொல்லாமலே வேறொரு கிளினிக்கில் நீர் மாத்திரை வாங்கிக்கொண்டார். நீர் மாத்திரை யூரிக் அமிலத்தை ஏற்றும். சில வாரங்களில் கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கும் வலி வந்தது. வலிக்கு டைக்ளோபினாக் கேட்டு எங்கள் கடைக்கு வந்தார். டைக்ளோபினாக் உடம்பில் உப்பை நிறுத்தும், நீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் அடிக்கும். "இதுக்கெல்லாம் ஆரம்பம் எது பெரியப்பா? எல்லா அட்டையையும் எடுத்துட்டு வாங்க" என்றேன். அட்டைகளைத் தேதி வாரியாக வைத்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. அவர் மருத்துவரிடம் போய் முதல் மாத்திரையை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு நீர் மாத்திரையே தேவைப்படவில்லை.

ஆகவே வீக்கம் என்று மருத்துவரிடம் போகும்போது ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரையும் கூடப் போக வேண்டும். எக்கோ என்ற இதய ஸ்கேன், சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்தப் புரதமான அல்புமின், தைராய்டு ஆகிய சோதனைகளை அவர் எழுதினால், தேவையில்லாமல் எழுதுகிறார் என்று எண்ண வேண்டாம். எந்த மாத்திரை என்பதற்குப் பதில் அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.

லேசிக்ஸும் டைட்டரும்

லேசிக்ஸ் என்பது ஃபுரோசமைடு. நம் ஊர்ச் சீட்டுகளில் ஃப்ருசமைடு என்றும் எழுதுவார்கள். டைட்டர் என்பது டார்செமைடு. இரண்டும் ஒரே குடும்பம். சிறுநீரகத்தின் நுண்குழாயில் ஹென்லே வளைவு என்று ஓர் இடம் உண்டு. வடிகட்டப்பட்ட சோடியத்தில் ஏறத்தாழ கால் பங்கு அங்கேதான் உடம்புக்குள் திரும்ப உறிஞ்சப்படுகிறது. அந்த உறிஞ்சலை இந்த இரண்டும் தடுக்கின்றன. சோடியம் வெளியேறும்போது நீரும் கூடவே போகிறது. நீர் மாத்திரைகளில் இவற்றுக்கு மேல் வலுவான குடும்பம் இல்லை.

வித்தியாசம் உடம்புக்குள் போகும் விதத்தில் இருக்கிறது. ஃபுரோசமைடு மாத்திரையில் சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேர்கிறது. அந்தச் சராசரியையும் நம்ப முடியாது, ஆளுக்கு ஆள் பத்தில் ஒரு பங்கிலிருந்து முழு அளவு வரை மாறும். சாப்பாட்டோடு போட்டால் இன்னும் குறையலாம். இதய நோயில் குடலே வீங்கியிருக்கும்போது உறிஞ்சுவது தாமதமாகும். "வீட்டில் மாத்திரை போட்டும் இறங்காத வீக்கம், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் இறங்கிவிட்டது" என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். டார்செமைடு 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே போகும், சாப்பாடு அதை அவ்வளவாகப் பாதிக்காது.

நேரக் கணக்கும் வேறு. ஃபுரோசமைடு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஒன்றிரண்டு மணியில் உச்சம் தொட்டு, ஆறிலிருந்து எட்டு மணிக்குள் முடித்துவிடும். அதனால் பலருக்கு இரண்டு வேளை தேவைப்படுகிறது. டார்செமைடு உடம்பில் கொஞ்சம் நீண்டு நிற்கும், பெரும்பாலும் ஒரு வேளை போதும்.

இவ்வளவையும் படித்தால் டார்செமைடுதான் உயர்ந்தது என்று தோன்றும். மருத்துவர்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அதைச் சோதிக்க அமெரிக்காவில் இதயப் பலவீனத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 2,859 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஃபுரோசமைடும் மறுபகுதியினருக்கு டார்செமைடும் கொடுத்தார்கள். டிரான்ஸ்ஃபார்ம் ஹெச்.எஃப். என்ற அந்த ஆய்வின் முடிவு 2023 தொடக்கத்தில் வெளிவந்தது. இறந்தவர்களின் விகிதம் ஒரு பக்கம் 26.1 சதவீதம், மறுபக்கம் 26.2 சதவீதம். மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்வதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆகவே லேசிக்ஸ் எழுதிக் கொடுத்த மருத்துவர் பழைய ஆள் என்றோ, டைட்டருக்கு மாற்றியவர்தான் விவரமானவர் என்றோ நினைக்க வேண்டியதில்லை. ஃபுரோசமைடு இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலை மிகக் குறைவு. லேசிக்ஸில் வீக்கம் இறங்கி, எடை நிலையாக இருந்து, ரத்தச் சோதனையும் நன்றாக இருந்தால் மாற்றச் சொல்லி நீங்களாகக் கேட்கக் காரணம் எதுவும் இல்லை. அதையே ஒழுங்காகச் சாப்பிட்டும் வீக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், அல்லது இரண்டாம் வேளை தொடர்ந்து விட்டுப்போனால், டைட்டர் பற்றிக் கேட்கலாம். என் கண்ணில் இதைத் தீர்மானிக்க வேண்டியது அந்த மனிதரின் அன்றாடம்தான்.

சென்னையில் அன்றாடம் என்றால் கழிப்பறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாம்பரத்திலிருந்து சென்ட்ரலுக்குப் பக்கத்தில் உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு ரிவ்யூவுக்கு வருகிற ஓர் அம்மா, காலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு மின்சார ரயிலில் ஏறினால் வழியெல்லாம் அவஸ்தை. அதனால் போடாமலே கிளம்புகிறார். கல்யாணத்துக்குப் போனால் போடுவதில்லை, கோயிலுக்குப் போனால் போடுவதில்லை. அந்த நாட்களின் எண்ணிக்கை கூடும்போது எடை ஏறிவிடுகிறது. மருத்துவர் மாத்திரை போதவில்லை என்று நினைத்து அளவை ஏற்றுகிறார். விட்டுவிடுவதைவிட அன்றைக்கு நேரத்தைத் தள்ளிப் போடுவது நல்லது. வீடு திரும்பி மதியம் போடலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அவர் சரி என்பார். ஆனால் இரவில் வேண்டாம். இரண்டாம் வேளை இருந்தால் அதையும் மாலை நாலு மணிக்குள் முடித்துவிட வேண்டும். இருட்டில் அவசரமாக எழுந்து பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்தக் கஷ்டம் வீக்கத்தைவிடப் பெரிது.

மாற்றும்போது எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். வாயில் போடும் ஃபுரோசமைடு 40 மில்லிகிராம் ஏறத்தாழ டார்செமைடு 20 மில்லிகிராமுக்குச் சமம். 'பாதியாகக் குறைத்துவிட்டாரே' என்று இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. பழைய லேசிக்ஸ் அட்டை டப்பாவிலேயே கிடக்க, புது டைட்டரும் சேர்ந்து, இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டவர்களும் உண்டு. பெயர் வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே பழைய டப்பாவைக் காலி செய்வது பிள்ளைகளின் வேலை.

பிளஸ் என்ற பெயருக்குள்

டைட்டர் பிளஸ்ஸில் டார்செமைடோடு ஸ்பைரோனோலாக்டோன் சேர்ந்திருக்கிறது. லேசிலாக்டோன் என்ற மாத்திரையில் ஃபுரோசமைடோடு அதே ஸ்பைரோனோலாக்டோன். தனியாக வாங்கினால் ஆல்டாக்டோன்.

ஃபுரோசமைடும் டார்செமைடும் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும். பொட்டாசியம் குறைந்தால் கெண்டை பிடிக்கும், கை கால் துவளும், இதயத் துடிப்பு தப்பும். ஸ்பைரோனோலாக்டோன் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுத்துப் பொட்டாசியத்தை உள்ளே நிறுத்தி வைக்கும். ஒன்று இறக்கும், மற்றொன்று ஏற்றும் என்பதால் சேர்த்துக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இந்தத் தராசு ஏற்றும் பக்கமாகச் சாய்ந்துவிடும். பொட்டாசியம் குறைந்தால் உடம்பு பெரும்பாலும் ஏதாவது சொல்லும். ஏறினால் பல சமயம் ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டு, இதயத்தை நேராகத் தாக்கும்.

ஸ்பைரோனோலாக்டோனின் நன்மையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீரை இறக்கும் வலுவில் இது சாதாரணம், முழு வேலை தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஆனால் கடுமையான இதயப் பலவீனத்தில் இது உயிரைக் காக்கும். 1999இல் வெளிவந்த ரேல்ஸ் என்ற ஆய்வில், ஏற்கெனவே மற்ற மருந்துகள் சாப்பிட்டுக்கொண்டிருந்த 1,663 பேரில், தினம் 25 மில்லிகிராம் போன்ற சிறிய அளவே இறப்பை 30 சதவீதம் குறைத்தது. லேசிக்ஸும் டைட்டரும் மூச்சையும் வீக்கத்தையும் நன்றாகக் குறைக்கும், ஆனால் ஆயுளைக் கூட்டுவதாக அவற்றுக்கு இப்படி ஓர் ஆய்வுச் சான்று இல்லை. கல்லீரல் சுருக்கத்தில் வயிற்று நீருக்கும் ஸ்பைரோனோலாக்டோன்தான் முதல் மருந்து, ஃபுரோசமைடு அதற்குத் துணை. வழக்கமாக ஸ்பைரோனோலாக்டோன் 100 மில்லிகிராமுக்கு ஃபுரோசமைடு 40 என்ற விகிதத்தில் தொடங்குவார்கள். அந்த நோயாளிக்கு 'வெறும் லேசிக்ஸ் போதுமே' என்று வீட்டில் யாராவது சொன்னால் அது தவறு.

அந்த 1999 செய்திக்குப் பிறகு நடந்ததையும் மறக்கக் கூடாது. மருத்துவர்கள் ஸ்பைரோனோலாக்டோனை மிகத் தாராளமாக எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதய நோய்க்கான மாத்திரை சாப்பிடும் முதியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்வது 1994இல் ஆயிரம் பேருக்கு 2.4 ஆக இருந்தது, 2001இல் 11 ஆகிவிட்டது. மாத்திரை அதேதான். ஆய்வில் இருந்த கண்காணிப்பு வெளியே இல்லை. ஆய்வில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் அதிகமானவர்களைச் சேர்க்கவே இல்லை, சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

அதனால் சீட்டில் பிளஸ் என்று இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி: "கிரியேட்டினின், பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?" பொதுவான வழக்கம், தொடங்கி ஒரு வாரத்தில் ஒரு முறை, நான்கு வாரத்தில் ஒரு முறை, பிறகு சில மாதங்களுக்கு ஒரு முறை. பொட்டாசியம் 5க்கு மேல் இருந்தாலோ சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR) 30க்குக் கீழே போயிருந்தாலோ இதைத் தொடங்க மருத்துவர்கள் மிகவும் யோசிப்பார்கள். 'மூணு மாசத்துக்கு எழுதிக் கொடுத்திருக்காரு, டெஸ்ட் எதுவும் சொல்லலை' என்று வருகிறவர்களிடம் நான் மாத்திரையைக் கொடுக்கும்போதே, போன் போட்டுக் கேளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

நம் சமையலறையும் வீட்டு வைத்தியமும் இதில் வந்து சேர்கின்றன. சித்திரை வைகாசி வெயிலில் இளநீர் குடிப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் வழக்கம். இளநீரின் 100 மில்லியில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். லேசிக்ஸ் மட்டும் சாப்பிடும், சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது நல்லதாகக்கூட இருக்கலாம். பிளஸ் சாப்பிடும், சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்த ஒருவருக்குத் தினம் இரண்டு இளநீர் ஆபத்து. வாழைத்தண்டுச் சாறும் அப்படித்தான். 'நீரை இறக்கும், இயற்கையானது' என்று மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிறார்கள். நெருஞ்சில் கஷாயமோ பார்லி கஞ்சியோ குடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது குறைந்த சோடியம் உப்பு. 'இதயத்துக்கு நல்லது' என்று பிள்ளைகள் அக்கறையோடு வாங்கித் தருகிறார்கள். அதில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2025இல் இத்தகைய உப்பைப் பொதுவாகப் பரிந்துரைத்தபோதே, சிறுநீரக நோயாளிகளுக்கும் பொட்டாசியம் வெளியேறுவது தடைப்படும் நிலையில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தாது என்று விலக்கு வைத்தது. பிளஸ் சாப்பிடுகிறவர் வீட்டில் அந்தப் பாக்கெட் இருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக இந்துப்பும் வேண்டாம். அது கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான், வீக்கத்துக்குச் சாதாரண உப்பு செய்வதையே அதுவும் செய்யும்.

ஸ்பைரோனோலாக்டோனோடு சேரக் கூடாத இன்னொன்று, சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் செப்ட்ரான், பாக்ட்ரிம் வகை மாத்திரை. அதில் உள்ள டிரைமெத்தோபிரிமும் பொட்டாசியத்தை நிறுத்தி வைக்கும். முதியவர்களுக்கு இரண்டும் சேர்ந்தால் சில நாளிலேயே பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நீர்க் கடுப்பு என்று அவசரத்துக்கு வேறு மருத்துவரிடம் போகும்போது பிளஸ் அட்டையைக் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள்.

ஆண்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் ஆண்களில் சிலருக்கு மார்பு வீங்கி வலிக்கும். ரேல்ஸ் ஆய்வில் ஆண்களில் பத்தில் ஒருவருக்கு வந்தது. வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கிறார்கள். இந்தத் தொந்தரவு குறைவாக உள்ள எப்லெரினோன் என்ற மாற்று இருக்கிறது. விலை அதிகம், ஆனால் கிடைக்கும்.

மற்ற சில பெயர்கள்

ரத்த அழுத்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால், உதாரணமாக டெல்மா எச், அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது. 'ஏஎம்' என்றிருந்தால் நான் முதலில் சொன்ன அம்லோடிபின். தயசைடு வகை வீக்கத்தை இறக்குவதில் வலு குறைவு, ரத்த அழுத்தத்துக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. வயதான பெண்களுக்கு அது சோடியத்தைக் குறைத்துவிடும். பாட்டி நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், இன்று பேச்சுக் குழறுகிறது, யாரென்று தெரியவில்லை என்றால் சோடியத்தைப் பார்க்க வேண்டும்.

மெட்டோலசோன் என்ற நீர் மாத்திரை, லேசிக்ஸுக்கு அடங்காத வீக்கத்துக்குச் சில நாட்கள் மட்டும் சேர்ப்பது. சேர்ந்தால் மிகக் கடுமையாக வேலை செய்யும், சோடியமும் பொட்டாசியமும் வேகமாக இறங்கும். வாரத்தில் இரண்டு நாள் என்று எழுதியிருப்பதைத் தினமும் என்று படித்துவிடாதீர்கள்.

டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரை மாத்திரையாக வந்தது, இப்போது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சர்க்கரை இல்லாதவர்களுக்குக்கூட எழுதப்படுகிறது. இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் விலை இறங்கியது. கொஞ்சம் நீரும் இறக்கும் என்பதால் அதைத் தொடங்கும்போது லேசிக்ஸ் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்பது நல்லது.

உப்பைக் குறைப்பதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் முழுதாக வேலை செய்யாது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவு, ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் வழியாக அதையே திருப்பிக் கொண்டுவந்தால் பலன் இல்லை. மாத்திரை வேலை செய்யும் ஆறு மணி நேரத்தில் வெளியேறிய உப்பை மீதி நேரத்தில் சிறுநீரகம் திரும்பப் பிடித்துக்கொள்ளும். தட்டில் அதிக உப்பு இருந்தால் அதற்கு வசதியாகிவிடும்.

எதைச் சாப்பிட்டாலும்

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பார்த்துக் காலண்டரில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே நீர் சேர்கிறது என்று பொருள், மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். எடை வேகமாக இறங்கி, நாக்கு வறண்டு, எழுந்தால் தலை சுற்றினால் மாத்திரை அதிகமாகிவிட்டது என்று பொருள். கல்லீரல் நோயாளிக்கு இறங்கும் வேகத்துக்கும் எல்லை உண்டு. கால் வீக்கம் இல்லாமல் வயிற்று நீர் மட்டும் இருந்தால் நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறங்குவது நல்லதல்ல.

கத்திரி வெயிலில் வியர்வையாகவே நிறையப் போய்விடும். அப்போது வாந்தியோ வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து சாப்பிடவும் முடியாமல் போனால், வழக்கம்போல் நீர் மாத்திரையையும் போட்டுக்கொண்டிருந்தால் சிறுநீரகம் ஒரே நாளில் படுத்துவிடும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் கூட இருந்தால் ஆபத்து கூடும், அதோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இப்படிப்பட்ட நாட்களில் எந்தெந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டும், எப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மனநலத்துக்கு லித்தியமோ இதயத்துக்கு டிகாக்சினோ சாப்பிடுகிறவர்கள் நீர் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே அதைச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு நீங்களாக டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வாங்காதீர்கள். பாரசிட்டமால் பற்றிக் கேளுங்கள்.

படுக்க முடியாத மூச்சுத் திணறல், நுரையோடு சளி, நெஞ்சு வலி, மயக்கம், நாள் முழுக்கச் சிறுநீர் வராமல் இருப்பது, இவற்றில் எது வந்தாலும் கூடுதல் மாத்திரை போட்டுப் பார்த்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அரசு ஆஸ்பத்திரியில் ரிவ்யூ இருந்தால் மாத்திரையும் ரத்தச் சோதனையும் அங்கேயே கேளுங்கள். வெளியில் வாங்குவதென்றால் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் மூலப்பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அங்கே அட்டையில் வேறு பெயர் இருக்கும், அதனால் டார்செமைடு மட்டுமா, ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்திருக்கிறதா என்று பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிபி மாத்திரை தருகிற பணியாளரிடம், கால் வீங்குகிறது என்பதையும் நீர் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள். அடுத்த ரிவ்யூவுக்குக் கிளம்பும்போது எடை எழுதிய காலண்டர் தாள், கடைசி பொட்டாசியம், கிரியேட்டினின் ரிப்போர்ட், வீட்டில் உள்ள எல்லா அட்டைகள், சமையலுக்குப் பயன்படுத்தும் உப்புப் பாக்கெட் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.